குழாயில் மறைந்த கல்



எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவருக்குக் கண்கள் மஞ்சளாயின. காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கமல்லவா? அவரும் மூன்று நாள் அதைக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். பிறகு வலப்பக்க மேல்வயிற்றில் வலியும், உடலை உலுக்கும் குளிர்காய்ச்சலும் கண்டன. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, பித்தக் குழாயைக் கல் அடைத்திருக்கிறது என்றார்கள். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அவருடைய பேரன் என் மாணவன். "வயிற்றுக்குள்ளே இருக்கிற கல் வெளியே இருக்கிறவங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சது?" என்று கேட்டான். அவனுக்காக நான் தேடிப் படித்த விடையே இன்றைய பேச்சு.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு குழாய் வழியே இறங்குகிறது. பித்தப்பையிலிருந்து வரும் சிறு குழாய் வழியில் அதனோடு சேருகிறது. கோலாலம்பூரில் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கூடியபின் அதற்குப் பொதுப் பித்தக் குழாய் என்று பெயர். அது சிறுகுடலில் போய்த் திறக்கிறது. பெரும்பாலோர்க்குக் கணையத்தின் குழாயும் அதே வாயிலில்தான் திறக்கிறது.

பித்தப்பைக் கல்லால் தொல்லைப்படுவோர் 100 பேரில் ஏறக்குறைய 10 முதல் 20 பேருக்குப் பொதுக் குழாயிலும் கல் இருக்கிறது. அங்கே அடைத்துக்கொண்டால் காமாலை வரும். தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். கணையமும் அழற்சி கொள்ளலாம். ஆகவே, பைக்குள் கல் இருப்பதை அறிந்தால் மட்டும் போதாது. குழாயிலும் இருக்கிறதா என்று அறிய வேண்டும்.

ஒரு காலத்தில் இதை அறிய, கண்ணும் கையுமே மருத்துவர்க்குக் கருவிகள். 1877இல் பிரான்சு நாட்டு மருத்துவர் சார்க்கோ, வயிற்றுவலி, குளிர்காய்ச்சல், காமாலை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக் குழாயில் கிருமி பற்றியிருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். பாட்டிக்கு வந்தவையும் இதே மூன்றுதான். 1890இல் சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே மற்றோர் உண்மையைச் சொன்னார். காமாலை கண்டவருக்குப் பித்தப்பை வீங்கிக் கைக்குத் தென்பட்டால், காரணம் கல்லாக இருப்பது அரிது. வேறு அடைப்பைத் தேட வேண்டும். நெடுநாள் கல் கிடந்த பை தழும்பேறிச் சுருங்கிவிடுவதால் எளிதில் வீங்காது என்பது அவர் கண்ட காரணம்.

இதற்கிடையே, 1882 ஜூலை 15ஆம் நாள் பெர்லினில் லாங்கன்புக் என்னும் அறுவை மருத்துவர் முதன்முதலாக ஒருவரின் பித்தப்பையை வெற்றிகரமாக அகற்றினார். ஆனால் பையை அகற்றினாலும் குழாயில் கல் தங்கிவிட்டால் நோய் திரும்பி வருமே! அதனால் மருத்துவர்கள் குழாயை விரலால் தடவிப் பார்த்தார்கள்; ஐயம் வந்தால் அதைக் கீறியும் பார்த்தார்கள். பலருடைய குழாயில் கல்லே இருக்கவில்லை. கீறிய புண்தான் மிச்சம். வேறு சிலருக்கோ, தடவிய விரலுக்குத் தப்பிய கல் உள்ளேயே தங்கிவிட்டது.

1895இல் ரோஞ்சன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எனினும் பித்தக் கற்களில் பெரும்பாலானவை சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. 1924இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கிரஹாம், கோல் இருவரும் பித்தத்தோடு கலக்கும் மருந்தை இரத்தத்தில் செலுத்திப் பித்தப்பையைப் படமெடுத்தார்கள். ஆனால் காமாலை கண்டவரின் ஈரல் அம்மருந்தைச் சரிவரப் பித்தத்தில் சேர்ப்பதில்லை. எவருக்குப் படம் மிகவும் தேவையோ, அவருக்கே அது கிட்டவில்லை!

1931இல் அர்ஜென்டினாவின் மிரிஸி இதற்கு ஒரு வழி கண்டார். அறுவை நடக்கும்போதே மருந்தைக் குழாய்க்குள் நேராகச் செலுத்திப் படமெடுத்தார். அதனால் காரணமின்றிக் குழாயைக் கீறுவது குறைந்தது.

அடுத்து, வயிற்றைத் திறக்காமலே பார்க்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. 1968இல் அமெரிக்க மருத்துவர் மக்கியூன், வாய்வழியே செலுத்திய நோக்குக் குழாயைக் கொண்டு பித்தக் குழாயின் வாயிலில் மருந்து செலுத்திக் காட்டினார். 1974இல் ஜப்பானில் கவாயும், ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும் அதே முறையில் அந்த வாயிலைச் சிறிது கீறிக் கல்லை வெளியேற்ற வழி செய்தார்கள்.

இனிக் கவலையே இல்லை என்று தோன்றும். ஆனால் இம்முறையால் சிலருக்குக் கணைய அழற்சியும், இரத்தக் கசிவும், குடலில் துளையும் உண்டாகின்றன. கல் இல்லாதவருக்கு, வெறுமனே பார்ப்பதற்காக இத்துன்பத்தைத் தரலாமா?

1970களில் பரவிய ஒலியலை ஸ்கேன் நோயாளிக்கு ஒரு தீங்கும் செய்யாது. பித்தப்பைக் கல்லை நன்றாகக் காட்டும். ஆனால் குடலிலுள்ள காற்று மறைப்பதால், குழாயின் அடிப்பகுதிக் கல் அதற்குத் தப்பிவிடும். பின்னர் நோக்குக் குழாயின் நுனியிலேயே ஒலியலைக் கருவியைப் பொருத்தி, குடலுக்குள்ளிருந்து அருகே பார்த்தார்கள். 1991 முதல் எம்.ஆர்.ஐ. முறையிலும் பித்தக் குழாயைப் படமெடுக்கலாயினர். பித்தநீர் வெண்மையாகவும், கல் கரும்புள்ளியாகவும் தெரியும்.

கருவிகள் பெருகவே, யாருக்கு எதைச் செய்வது என்ற கேள்வி வந்தது. ஐயத்தையே அளந்து பார்த்தல் என்பது அதற்குக் கிடைத்த விடை. அமெரிக்க எண்டோஸ்கோப் மருத்துவர் சங்கம் 2010இல் வெளியிட்டு 2019இல் திருத்திய நெறி, நோயாளிகளை மூன்றாகப் பிரிக்கிறது. ஸ்கேனில் கல்லே தெரிந்தாலும், குழாயில் கிருமி பற்றியிருந்தாலும், அல்லது இரத்தத்தில் பிலிருபின் டெசிலிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தாண்டிக் குழாயும் விரிந்திருந்தாலும் ஐயம் மிகுதி; நோக்குக் குழாயால் கல்லை எடுக்க முனையலாம். ஈரல் சோதனையில் மாறுபாடு, 55 வயதுக்கு மேல், விரிந்த குழாய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஐயம் நடுத்தரம். தீங்கு குறைந்த படங்களால் முதலில் உறுதி செய்ய வேண்டும். எதுவுமே இல்லையென்றால் பித்தப்பையை அகற்றினாலே போதும்.

இந்த வரலாற்றில் இரண்டு தவறுகளை மருத்துவர்கள் அஞ்சி வந்திருக்கிறார்கள். ஒன்று, இருக்கும் கல்லை விட்டுவிடுவது. மற்றொன்று, இல்லாத கல்லைத் தேடி உடலைப் புண்ணாக்குவது. ஒவ்வொரு புதுக்கருவியும் இவற்றுக்கு நடுவே வழியை இன்னும் சற்று அகலமாக்கியது.

இவ்வளவு கருவிகள் இருந்தும், நோயாளி வீட்டிலேயே கிடந்தால் என்ன பயன்? காமாலை ஓர் அறிகுறியே. அதன் காரணங்கள் பல. கண் மஞ்சளானால் மருத்துவரிடம் காட்டுங்கள். வலியும் குளிர்காய்ச்சலும் கூட வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். என் மாணவன் இதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். பாட்டிக்கும் படித்துக் காட்டினானாம்.