மன்றோவின் தோட்டமும் அம்மாவின் பொடக்காணியும்

எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் செடிகொடி உள்ள இடம் என்று பொருளில்லை. கிணறு இருக்கிற நிலம்தான் தோட்டம். கிணறில்லாதது எத்தனை ஏக்கர் இருந்தாலும் காடு. மழையை நம்பிச் சோளமும் கம்பும் நிலக்கடலையும் விதைக்கிற காடு. மேட்டூர் அணை 1934இல் வந்துவிட்டது. அதன் வாய்க்கால் பாய்கிற தாழ்ந்த நிலம் போக, சங்ககிரிக் கரட்டைச் சுற்றிய மேட்டு நிலத்துக்கெல்லாம் இன்றும் கிணறுதான் கதி. ஆகவே தோட்டத்துக்காரர், காட்டுக்காரர் என்று நிலத்தை வைத்தே ஆளைச் சொல்கிறார்கள். இந்த இரண்டிலும் சேராதவர்கள் வளவில் இருக்கிறோம்.

நாங்கள் அருந்ததியர். எங்களுக்கு உள்ளது அரசு கொடுத்த மூன்று சென்ட் மனை. வீடு போகப் பின்னால் மிஞ்சிய இடத்தை அம்மா பொடக்காணி என்று சொல்லும். அந்தச் சொல்லுக்குள்ளாவது ‘காணி’ வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அந்தப் பொடக்காணியில் ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை, இரண்டு பப்பாளி, பன்னிரண்டு கத்தரி, கொஞ்சம் மிளகாய், கூரைமேல் ஏற்றிவிட்ட சுரைக்கொடி. மாசியில் நாலு நாளைக்கு ஒருமுறை வந்த குழாய்த் தண்ணீர், சித்திரையில் எட்டு நாளைக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. குடிக்கவே எண்ணித்தான் மோக்க வேண்டும். செடிக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், குளித்த தண்ணீர். விடிவதற்கு முன்னால் ஊற்றிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு ஊற்றினால் பாதி ஆவியாகப் போய்விடும். கடலைத் தோலை வாங்கி வந்து வேரைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்பினோம். அதை விலக்கிப் பார்த்தால் அடியில் மண் ஈரமாக இருக்கும். செம்மண், அதற்குக் கீழே சுக்கான் கல். வேருக்கு இறங்க வழியில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அம்மா பரணிலிருந்து தாத்தாவின் குத்தூசியை எடுத்தது. பழைய மண்பானைகளின் அடியில் அதை வைத்து மெல்லத் தட்டி ஓட்டை போட்டு, துணித்திரி செருகி, எலுமிச்சைக்கும் பப்பாளிக்கும் பக்கத்தில் கழுத்துவரை புதைத்தோம். ஒரு பானைத் தண்ணீர் இரண்டு நாளைக்குக் கசிந்தது. அந்தக் குத்தூசியைக் கையில் வாங்கிய பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

தாத்தா அந்த ஊசியால் தைத்தது செருப்பு மட்டுமில்லை. கவலைச் சால் தைத்தார். மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் கொங்கு நாட்டுக் கிணறுகளில் தண்ணீர் இறைத்தது கவலைதான். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும், வடம் இழுக்கும், சால் மேலே வரும், தோல் வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். செத்த மாட்டைத் தூக்கியவர்கள் நாம், உரித்தவர்கள் நாம், ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தியவர்கள் நாம், வார் பிடித்துத் தைத்து எண்ணெய் ஊட்டியவர்கள் நாம். பிறகு இரும்புச் சால் வந்தபோதும் வால் தோலில்தான் இருந்தது. பண்ணையாளாக நின்று எருது ஓட்டியதும் பல இடங்களில் நம் ஆட்கள்தான். கூலி, களத்தில் அளந்து போட்ட தானியம். இவ்வளவுக்கும் அந்தக் கிணற்றில் இறங்கி ஒரு குடம் மோக்க நமக்கு உரிமையில்லை. தோல் தீட்டாம்! அந்தத் தோலில் ஏறி வந்த தண்ணீர் மட்டும் தீட்டில்லை.

இந்த ஏற்பாட்டை வெள்ளைக்காரன் வந்து உடைத்துவிட்டான் என்று நம்மில் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிகூட உடன்பாடில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை கட்டினார்கள். பிறகு மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறை வேர்விட்டது இந்த மண்ணில்தான். மன்றோ தர்மபுரியில் தனக்கென்று ஒரு தோட்டம் போட்டிருந்தார். 1799இல் கன்னடக் கரைக்கு மாற்றலாகிப் போனபோது அதைப் பிரிய மனமில்லாமல் போனதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். செடி வளர்த்தவனுக்கு அந்த வருத்தம் புரியும், நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த சாலை யார் தைத்திருப்பார்கள் என்றுதான் என் புத்தி போகிறது.

ரயத்துவாரி யாரை ரயத்து என்று கண்டது? கையில் நிலம் இருந்தவனை. ஏரும் எருதும் வைத்திருந்தவனுக்குப் பட்டா. அவனுக்குச் சால் தைத்தவன் கணக்கில் வரவேயில்லை. கிணறு பட்டாவோடு போனது. தாது வருஷப் பஞ்சம் (1876–78) வந்தபோது இதன் பலன் தெரிந்தது. சேலம் மாவட்டத்தில் 1871இல் 19 லட்சத்து 66 ஆயிரமாக இருந்த சனத்தொகை 1881இல் 15 லட்சத்து 99 ஆயிரமாகக் குறைந்தது. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிகள்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் வந்த 1010ஆம் எண் அரசாணையும் இந்த இதழ் வாசகர்களுக்கு மனப்பாடம். ஒடுக்கப்பட்டோருக்கு நிலம், பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் பிறருக்குப் போகக் கூடாது. அந்தப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் சுட்டார்கள். நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தண்ணீரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குடிதண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறோம். பாசனத் தண்ணீரை ஏன் கேட்பதில்லை? 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. நல்லதுதான். ஆனால் பட்டா இருந்தால் கிணறு, கிணறு இருந்தால் இணைப்பு, இணைப்பு இருந்தால் இலவசம். மோட்டார் வந்ததும் சால் போனது, தாத்தாவின் தொழிலும் போனது. பதிலுக்கு வளவுக்கு வந்தது ஒன்றுமில்லை.

வைகாசியில் கத்தரி தலை தொங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அம்மா போய்க் கேட்டது. “தண்ணிக்கென்ன, எடுத்துக்க. அரை நாள் வெங்காயத்துல களை வெட்டிக் குடுத்துட்டு ரெண்டு கொடம் கொண்டு போ” என்று பதில். அம்மா வெறுங்குடத்தோடு திரும்பி வந்தது.

“ரெண்டு கொடத்துக்கு அரை நாளா? எங்கப்பன் தெச்ச சாலுக்கு அந்தக் கெணத்துத் தண்ணியே கடன்பட்டுக் கெடக்குது. கத்திரி செத்தாச் சாவட்டும் போடா.”

ஒன்பது கத்தரி செத்தது. ஒரு பப்பாளி சாய்ந்தது. சுரை பூவோடு கருகிப்போனது. முருங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எதற்கும் அசையாது. எலுமிச்சை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்று, பானை ஈரத்தில் மறுபடி துளிர்விட்டது.

அந்த வாரம் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி. வருஷா வருஷம் ரயத்துகளின் கணக்கைத் தீர்க்க அந்தக் காலத்தில் வைத்த ஏற்பாடு; இன்றைக்கு நமக்கு மனுக் கொடுக்கிற நாள். வளவில் இருபத்துமூன்று குடும்பத்துக்கு அரசுப் புறம்போக்கில் நிலம் கேட்டு நான் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டது:

“வெறும் நெலம்னா எழுதறே? காட்டக் குடுத்துட்டுப் போயிருவாங்க. பொதுக் கெணறு ஒண்ணு, கரண்டோட. அதையும் சேத்து எழுது.”

சேர்த்து எழுதினேன். இருபத்துமூன்று பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள்.