செம்பட்டைத் தலை வாத்தியார்

அயர்லாந்தில் அரசுப் பள்ளிகளைத் தொடங்குவது பற்றி 1831-இல் அந்நாட்டின் தலைமைச் செயலர் ஸ்டான்லி எழுதிய கடிதத்துக்குள் இந்த வாரம் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். அந்தக் கடிதம் யாருடைய பிழைப்பில் கை வைத்ததோ, அந்த வேலியோர வாத்தியார்களின் பரம்பரையில் ஒருவரையாவது அறியாமல் அங்கே போக எனக்கு மனமில்லை.

1695 சட்டத்தைத்தான் பார்த்துவிட்டோமே. கத்தோலிக்கர் பாடம் நடத்தினால் குற்றம். ஆகவே புதர்வேலி மறைவிலும் மாட்டுக் கொட்டகையிலும் பள்ளி நடந்தது. யாராவது வருகிறார்களா என்று பார்க்க ஒரு பையன் காவல் நிற்பான். குளிர்காலத்தில் கணப்புக்காகப் பிள்ளைகள் ஆளுக்கொரு கரிமண் கட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள்.

அப்படிப்பட்ட வாத்தியார்களில் ஒருவர், கெர்ரி மாவட்டத்து ஐரிஷ் மொழிக் கவிஞர் ஓவன் ருவா ஓ சூலவான். 1748-இல் பிறந்தவர். 'ருவா' என்ற பெயர் அவருடைய செம்பட்டைத் தலைமுடியால் வந்தது. பதினெட்டு வயதிலேயே பள்ளி திறந்தார். அது நிலைக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூலிக்குக் கிளம்பிவிட்டார். வேலை பார்த்த பண்ணையில் ஒரு பெண் கடிதம் எழுதித் தரக் கேட்க, ஐரிஷ், ஆங்கிலம், லத்தீன், கிரேக்கம் என நான்கு மொழியிலும் எழுதி நீட்டினாராம். மறுநாளே கூலியாள் அந்த வீட்டு ஆசிரியர்! வாய்மொழிக் கதைதான், ஆனால் அந்த நாட்டுப்புற வாத்தியார்கள் பலருக்கு லத்தீன் தெரிந்திருந்தது என்பது கதையல்ல.

பிறகு பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். 1782 ஏப்ரல் 12, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அருகே செயின்ட்ஸ் கடற்போர். அட்மிரல் ரோட்னி பிரெஞ்சுக் கப்பற்படையை உடைத்து, அதன் தளபதி தெ கிராஸையே சிறைப்பிடித்தார். ஓவன் அந்த வெற்றியை ஆங்கிலத்தில் பாடினார். பரிசாக அவர் கேட்டது விடுதலை. தரவில்லை. தன் மக்களின் கல்வியைக் குற்றமாக்கிய அரசுக்கு வெற்றிப்பாட்டு எழுதியும், ஊர் திரும்ப அனுமதி இல்லை. இதைக் கொடுமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கடைசியில் காலில் தானே புண் உண்டாக்கிக்கொண்டு படையிலிருந்து தப்பித்தார் என்பார்கள். 1784-இல் நாக்நக்ரீ என்ற ஊரில் மீண்டும் பள்ளி. அதைக் கோயில் பூசையில் அறிவிக்கும்படி பாதிரியாருக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதினார். சில மாதங்கள்கூட நடத்தக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு சீமானை வசைபாடியதற்காக அந்தச் சீமானுடைய வேலையாள் இடுக்கியால் மண்டையில் அடித்தான். காயம் காய்ச்சலாகி, அதே ஆண்டில், முப்பத்தாறு வயதில் இறந்தார்.

ஸ்டான்லி கொண்டுவந்த பள்ளிகள் கட்டடம் தந்தன, சம்பளம் தந்தன. ஓவன் பாடிய ஐரிஷ் மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தின. என் கணக்கில் அது வரவைவிடப் பெரிய செலவு. ஏன் என்பதை அடுத்த இதழில் கடிதத்தோடு பார்ப்போம்.