நரம்புச் சிலந்தி நோய்

நரம்புச் சிலந்தி, குடிநீர் வழியே பரவும் ஒட்டுண்ணிப் புழு நோய். படிக்கிணறு, குளம் போன்றவற்றின் நீரில் வாழும் சைக்ளோப்ஸ் என்னும் மிகச்சிறிய ஓட்டுயிரி இப்புழுவின் இளவுயிரிகளைச் சுமக்கும். அந்நீரை வடிகட்டாமல் குடிப்பவர் உடலில் பெண்புழு ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர்வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிவரும். எரிச்சல் தணிக்கக் காலை நீரில் நனைத்தால், புழு ஆயிரக்கணக்கான இளவுயிரிகளை அதில் விடும்.

மருந்தோ தடுப்பூசியோ இல்லை. புழு அறுந்துவிடாதபடி சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பதே வழி.

இந்தியாவில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் இந்நோய் இருந்தது. 1980களில் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் அடிகுழாய்களை அமைத்தது, படிக்கிணறுகளை மாற்றியது, நீர்நிலைகளில் சைக்ளோப்ஸைக் கொல்லும் டெமிஃபாஸ் என்னும் வேதிப்பொருளைத் தெளித்தது, துணியால் வடிகட்டிக் குடிக்கக் கற்றுத்தந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு ஒழிப்புச் சான்று அளித்தது.

மருந்தே இல்லாத நோயையும் தூய குடிநீர் வெல்லும்.