பேருந்துகளில் அழிந்த பெயர்கள்

காரின் பின்புறம் ஒட்டிய பழைய ஸ்டிக்கரை உரிக்க மண்ணெண்ணெயும் பழந்துணியும் போதும். ஒரு மாநிலத்தின் பேருந்துகளிலிருந்து பெயர்களை அகற்றிய கதை வேறு.

1972இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றியபோது மதுரைக்குப் பாண்டியன் வாய்த்தான். கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன், சென்னைக்குப் பல்லவன். (மன்னர்களோடு நின்றிருந்தால் சிக்கலில்லை.) பின்னர் கட்டபொம்மன், மருதுபாண்டியர் என வீரர்கள் வந்தனர்.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் தளபதி; வெள்ளையரை எதிர்த்து 1799இல் மாண்டவர். ஆனால் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் சிலர். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது; உயிர்கள் போயின.

அவ்வாண்டே எல்லாக் கழகங்களின் பெயர்களையும் அரசு நீக்கியது; மாவட்டங்களுக்கு இட்டிருந்த தலைவர் பெயர்களும் உடன் போயின. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. பாண்டியன் இருந்த இடத்தில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், மதுரை என்னும் அலுவலகத் தமிழ் வந்து அமர்ந்தது.

இதனை நடுநிலையான முடிவு என்பாருண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சுந்தரலிங்கம் என்ற பெயரைக் காணப் பொறாதவர்களின் விருப்பமே நிறைவேறியது. பாண்டியனும் சேரனும் அதற்குத் துணைபோயினர்.