எழுபத்திரண்டு மணி நேரம்

மருந்து என்று சொன்ன மாத்திரத்தில் நோய்தான் நம் நினைவுக்கு வருகிறது. நோய் வந்த பின்னரே மருந்தைத் தேடி ஓடுகிறோம். ஆயினும் தேவை எழுவதற்கு முன்பே வாங்கி வைக்கும் மருந்துகளும் நம் வீடுகளில் இல்லாமற் போகவில்லை. கைக்குழந்தைக்கு நள்ளிரவில் வயிறு நொந்தால் விடியும்வரை காத்திருக்க இயலாது என்பதை அறிந்த மூதாட்டியர், வசம்பையும் ஓமத்தையும் சுக்கையும் பெட்டியில் இட்டு வைத்தனர். வைத்தியர் வீடு தொலைவில் இருந்தது. நோயோ வீட்டினுள்ளேயே இருந்தது. இதுவே அந்தப் பெட்டியின் தத்துவம்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மருந்தும் அத்தகையதே. அவசரக் கருத்தடை மாத்திரை என்று அதனைச் சொல்கிறோம். காப்பு ஏதுமின்றிக் கூடிய பின்னரும், ஆணுறை கிழிந்த பின்னரும், வன்கொடுமைக்கு ஆளான பின்னரும், வேண்டாத கருவைத் தவிர்க்க ஒரு பெண் உட்கொள்ளும் மருந்து அது. இதனை வானொலியில் பேசலாமா என்று சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். பேசாமல் விட்டதனால் விளைந்த துன்பத்தை எண்ணினால், பேசுவதே தகும் என்பது என் கருத்து. அம் மாத்திரை கண்டறியப்பட்ட கதையைக் காட்டிலும், அதனை ஒரு பெண் தன் வீட்டில் வைத்துக் கொள்ளலாமா என்ற சிறு வினாவின் கதையே சுவையுடையது. அந்த வினா மருத்துவ உலகைப் பல ஆண்டுகள் வாதிட வைத்தது.

கதை 1960-களின் நடுவில் ஆலந்து நாட்டில் தொடங்குகிறது. நாயும் குதிரையும் உரிமையாளர் விரும்பாத இணையோடு கூடிவிட்டால், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனை மிகுதியாகக் கொடுத்துக் கருவைத் தடுப்பது கால்நடை மருத்துவர்களிடையே வழக்கமாக இருந்தது. வன்கொடுமைக்கு ஆளான பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மருத்துவரிடம் கொண்டுவரப்பட்டபோது, அம்முறையையே அவளுக்குக் கையாண்டனர். இந்த மருத்துவத்தின் பிறப்பே ஒரு சிறுமியின் கண்ணீரில் நேர்ந்தது என்பதைப் பின்னாளில் இதனை ஒழுக்கக் கேட்டின் மருந்து என்று இகழ்ந்தவர்கள் நினைவிற் கொள்ளவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் மாரிஸ் என்ற மருத்துவரும், குரங்குகளை வளர்த்து ஆராய்ந்துவந்த கெர்ட்ரூட் வான் வாகெனன் என்ற அம்மையாரும் இத்துறையில் உழைத்தனர். அவர்களுடைய கட்டுரை 1966-இல் வெளிவந்தது. செய்தித்தாள்கள் உடனே அதற்கு ‘மறுநாட்காலை மாத்திரை’ என்று பெயர் சூட்டின. பெயர் கவர்ச்சியானது, ஆனால் பிழையானது. மறுநாட்காலை தவறினால் எல்லாம் தவறிற்று என்ற எண்ணத்தை அது பல ஆண்டுகள் பரப்பியது. மாத்திரை என்று ஒருமையிற் சொன்னார்களேயன்றி, உண்மையில் ஐந்து நாட்கள், நாள்தோறும் பெருமளவில் மருந்தை உட்கொள்ள வேண்டியிருந்தது. குமட்டலும் வாந்தியும் தாளாமல் இடையிலேயே நிறுத்திவிட்டவர்களும் உண்டு.

அமெரிக்காவில் இதற்குப் பெரிதும் பயன்பட்ட மருந்து, 1938-இல் பிரிட்டனில் செயற்கையாக உருவாக்கப்பட்ட டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால். அதே மருந்தைக் கருச்சிதைவைத் தடுக்குமென்று நம்பிக் கருவுற்ற தாய்மார் பலருக்கும் கொடுத்துவந்தனர். 1971-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் அரிய வகைப் புற்றுநோய் கண்ட இளம்பெண்கள் எண்மரை ஆராய்ந்தபோது, அவர்களுள் எழுவரின் அன்னையர் கருவுற்ற காலத்தில் இம்மருந்தை உண்டவர்கள் என்று தெரிய வந்தது. அன்னை உண்டது மகளைத் தாக்கியது. அதன் பின் இம்மருந்தின் பெயரைக் கேட்டாலே மக்கள் அஞ்சினர். பின்னாளில் வந்த மாத்திரைகளில் இம்மருந்து அறவே இல்லை. எனினும் அச்சம் மட்டும் பெயரைத் தொற்றிக்கொண்டு தொடர்ந்து வந்தது.

திருப்பம் கனடாவிலிருந்து வந்தது. ஆல்பர்ட் யூஸ்பே என்ற மருத்துவர் 1974-இல் ஓர் எளிய வழியை வெளியிட்டார். நாள்தோறும் உண்ணும் கருத்தடை மாத்திரையில் உள்ள அதே இரு ஹார்மோன்களைச் சற்று மிகுத்து ஒரு முறையும், 12 மணி நேரம் கழித்து மற்றொரு முறையும் உட்கொள்வது. கூடிய 72 மணி நேரத்திற்குள் தொடங்கிவிடுவது. வேறு மருந்து வேண்டுவதில்லை. மருந்துக் கடைகளின் தட்டுகளில் அது ஏற்கெனவே இருந்தது! வழி அறிந்த மருத்துவர் சாதாரண மாத்திரை அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் நான்கைந்து மாத்திரைகளை நறுக்கிக் கொடுத்தார். அறியாத மருத்துவரிடம் சென்றவள் வெறுங்கையோடு திரும்பினாள். பிரிட்டனில் 1984-இல் இம்முறைக்கென நான்கு மாத்திரைகள் கொண்ட தனிப் பொட்டலம் அனுமதி பெற்றது. அமெரிக்க அரசின் மருந்துத் துறையோ இம்முறை பாதுகாப்பானது, பயனுடையது என்று அறிவிக்க 1997 வரை காலம் எடுத்துக்கொண்டது.

இங்கேதான் அந்த 72 மணி நேரம் தன் கொடுமையைக் காட்டிற்று. பிரிட்டனில் பொட்டலம் கிடைத்தது உண்மையே. ஆனால் மருத்துவரின் சீட்டு இன்றிக் கிடைக்காது. சனிக்கிழமை இரவு நேர்ந்த பிழைக்கு ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக் கதவு திறக்காது. திங்களன்று வேலையை விட்டுவிட்டு, வரிசையில் நின்று, முன்பின் அறியாத ஒருவரிடம் தன் அந்தரங்கத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிலர் செவ்வாய்க்கிழமை போயினர். சிலர் நாணத்தால் போகவே இல்லை.

காலதாமதம் என்ன செய்யும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1998-இல் எண்களால் காட்டிற்று. யூஸ்பே முறையையும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஒரே ஹார்மோன் கொண்ட மாத்திரையையும் அது ஒப்பிட்டது. ஏறத்தாழ ஈராயிரம் பெண்கள் அதிற் பங்கு கொண்டனர். முன்னதை உண்டவர்களுள் நூற்றுக்கு 3.2 பேரும், பின்னதை உண்டவர்களுள் 1.1 பேரும் கருவுற்றனர். குமட்டலும் பாதியாகக் குறைந்தது. லெவோநார்ஜெஸ்ட்ரலை முதல் 24 மணி நேரத்திற்குள் உண்டவர்களுள் கருவுற்றோர் நூற்றுக்கு அரைப் பங்கினும் குறைவு; மூன்றாம் நாளில் உண்டவர்களுள் அது 2.7 ஆக உயர்ந்தது. மருந்து ஒன்றே, பெண்களும் ஒத்தவர்களே, வேறுபாடு கடிகாரத்தில் இருந்தது.

அப்படியானால் மருந்தை முன்கூட்டியே வீட்டில் கொடுத்து வைத்தால் என்ன? எடின்பரோ நகரில் அன்னா கிளேசியர், டேவிட் பேர்டு என்ற இரு மருத்துவர்கள் இதனைச் சோதித்துப் பார்த்தனர். அவர்களைத் தடுத்தவர்கள் சொன்ன காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. கையருகே மருந்து இருந்தால் பெண்கள் வழக்கமான கருத்தடையைக் கைவிடுவர். மருந்தை மிட்டாய் போல் உண்பர். தவறான முறையில் உண்பர். இவ்வளவும் அனுமானங்களே. ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர்கள் எண்ணினார்கள். 1,083 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மாத்திரைப் பொட்டலம் ஒன்றைக் கையிற் கொடுத்து, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினர். மற்றவர்களை, தேவை வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள் என்று கூறி அனுப்பினர். முடிவு 1998-இல் வெளியாயிற்று. விவரம் தந்தவர்களுள், வீட்டில் மருந்து வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 47 பேரும், மற்றவர்களில் 27 பேரும் ஒருமுறையேனும் பயன்படுத்தினர். வீட்டில் எடுத்து உண்டவர்களுள் நூற்றுக்கு 98 பேர் முறை தவறாமல் உண்டிருந்தனர். திரும்பத் திரும்ப உண்ணும் பழக்கம் அவர்களிடம் கூடுதலாக இல்லை. வழக்கமான கருத்தடையையும் அவர்கள் கைவிடவில்லை. பெண்ணின் அறிவைப் பற்றிய ஐயம் ஒருவாறு தீர்ந்தது. இந்தத் தீர்ப்புக்கு ஆயிரம் பேர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

நம் நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. புனே நகரில் ஆணுறையைப் பயன்படுத்தும் பெண்களிடையே செய்யப்பட்ட அந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. மருந்தை முன்னதாகப் பெற்றவர்கள் அதனை மிகுதியாகப் பயன்படுத்தினர். அதனால் அவர்கள் காப்பின்றிக் கூடுவது பெருகிவிடவில்லை.

இவ்விடத்தில் பேச்சை முடித்திருந்தால் இனிய கதையாக இருக்கும். ஆனால் வரலாறு நம் விருப்பத்திற்கு இசைவதில்லை.

எடின்பரோவின் முதல் ஆய்வில் மருந்து வைத்திருந்தவர்களிடையே வேண்டாத கருப்பம் 18, மற்றவர்களிடையே 25. குறைவுதான், ஆயினும் திடமான முடிவு கூற அவ்வெண்ணிக்கை போதாது. ஆகவே அம்மருத்துவர்கள் பெரியதொரு முயற்சியில் இறங்கினர். எடின்பரோ அடங்கிய லோதியன் வட்டாரத்தில் 16 முதல் 29 வயது வரையுள்ள பெண்கள் யாவருக்கும் ஐந்து பொட்டலங்கள் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தனர். ஏறத்தாழ 17,800 பெண்கள் பெற்றுச் சென்றனர். 28 மாதங்களில் அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பயன்படுத்தினர். பயன்படுத்திய வேளைகளில் முக்காற் பங்கு 24 மணி நேரத்திற்குள்ளேயே அமைந்தது. 4,500-க்கு மேற்பட்டோர் தம் பங்கில் ஒரு பொட்டலத்தைத் தோழி ஒருத்திக்குக் கொடுத்தனர். இச்செய்தியைப் படித்தபோது, அண்டை வீட்டாருக்குக் கஷாயப் பொடி கொடுத்து அனுப்பும் நம் பெண்டிரே என் நினைவிற்கு வந்தனர். எல்லாம் எண்ணியவாறே நடந்தன. ஆனால் 2004-இல் கணக்கை முடித்துப் பார்த்தால், அவ்வட்டாரத்தில் கருக்கலைப்பின் விகிதம் குறையவில்லை.

கிளேசியர் அம்மையார் இதனை மறைக்காமல், கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். தம் கொள்கைக்கு எதிரான முடிவைத் தாமே வெளியிட்ட இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் வெளிவந்த மதிப்பீடும் இதையே கூறிற்று. வீட்டில் மருந்து வைத்திருந்த பெண்கள் அதனை விரைவில் உண்டனர். பாலியல் நோய்களும் தீய பழக்கமும் பெருகவில்லை. ஆயினும் கூட்டுத்தொகையாகப் பார்க்கும்போது கருப்பம் குறையவில்லை.

ஏன்? அலமாரியில் மருந்து இருந்தும் பல பெண்கள் அதனை எடுக்கவில்லை. ‘இந்த ஒரு முறையால் என்ன நேர்ந்துவிடும்?’ என்று எண்ணினர். ஆபத்து நேர்ந்தது என்று அறிந்தவளுக்கே மருந்து பயன்படும். அறியாதவளுக்கு அது அட்டைப் பெட்டியாகவே கிடக்கும். மேலும், இம்மாத்திரை பெரும்பாலும் கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுவதன் மூலமே வேலை செய்கிறது. ஆணின் உயிரணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிருடன் இருக்கக் கூடும். அது காத்திருந்து அயரும்வரை முட்டையை வெளிவிடாமல் நிறுத்தி வைப்பதே மாத்திரையின் தந்திரம். முட்டை முன்னரே வெளிப்பட்டுவிட்டால் மாத்திரையால் பயனில்லை. முன்பே தரித்த கருவை அது கலைப்பதும் இல்லை. இவ்வுண்மைக்கு ஏற்ப, 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை இம்மாத்திரையின் குறிப்புரையைத் திருத்தியது.

அப்படியானால் வீட்டில் வைப்பது வீணோ? அவ்வாறு நான் கருதவில்லை. ஒரு வட்டாரத்தின் புள்ளிவிவரத்திற்கு உதவாத மருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண்ணுக்கு உதவலாம். மாதச் சம்பளத்தில் ஒரு நாளை இழக்காமலும், எவரிடமும் தலைகுனியாமலும், அவள் முதல் நாளிலேயே மருந்தை உண்ண முடிகிறது.

வைத்திருப்பதென்றால் முறையாக வைக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் அடுப்படி இதற்கு ஏற்ற இடமன்று. நீராவி படியும் குளியலறையும் ஆகாது. குளிர்ந்த, உலர்ந்த, குழந்தைகளுக்கு எட்டாத இடமே வேண்டும். மாத்திரையை அதன் தகட்டிலிருந்து பிரித்து வேறு டப்பியில் இடலாகாது. வெளி அட்டையை எறிந்துவிடவும் கூடாது. காலாவதி நாள் அதில்தான் எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அந்த நாளைப் பார்த்து வைப்பது நலம். காசநோய்க்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகள் இம்மாத்திரையின் வலிமையைக் குறைக்கும். அவற்றை உண்பவர் முன்னதாகவே மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். உண்ட சில மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தாலும் அவ்வாறே. ஐந்து நாட்களுக்குள் மருத்துவர் பொருத்தும் செப்புக் கருத்தடைச் சாதனம் இம்மாத்திரையினும் வலியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதனை வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசியலமைப்பு உரிமையை நீக்கிய சில நாட்களில், அந்நாட்டுப் பெண்கள் கடைகளுக்கு விரைந்து இம்மாத்திரைகளை வாங்கிச் சேர்க்கத் தொடங்கினர். சில பெரிய மருந்துக் கடைகள் ஒருவருக்கு மூன்று பெட்டிகளுக்கு மேல் தருவதில்லை என்று சிறிது காலம் வரம்பு கட்டின. மருத்துவர்கள் ஆராய்ந்து ஆராய்ந்து மெல்லச் சொன்ன யோசனையை, அச்சம் ஒரே வாரத்தில் நடைமுறையாக்கிவிட்டது.

நம் நாட்டில் 2005-இல் இம்மாத்திரை மருத்துவர் சீட்டின்றி வாங்கத்தக்க பொருளாயிற்று. பின்னர் 2011-இல் மைய அரசு ஒரு திட்டம் வகுத்தது. ஊருக்கு ஊர் பணிபுரியும் ஆஷா ஊழியர், ஆணுறையையும் கருத்தடை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு சென்று கொடுக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. அவர்தம் பையில் அவசர மாத்திரையும் ஒரு பொட்டலமாக இருந்தது. அதற்கு அவர் பெறக்கூடிய விலை 2 ரூபாய்.