பல்பொருட் சொற்களும் சமூக வரலாறும்: ஆங்கிலச் சொற்களின் ஐஸ்லாந்து மொழியாக்கம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு மொழியிற் பல பொருள் குறிக்கும் ஒரு சொல், இன்னொரு மொழிக்குப் பெயர்க்கப்படும்போது பெரும்பாலும் பல சொற்களாகப் பிரிந்துவிடுகின்றது. அகராதி தொகுப்போர் யாவரும் அறிந்த செய்தி இது. ஆயின், எப்பொருளுக்கு எச்சொல் என்ற தெரிவை எவர் செய்தனர், எந்தச் சூழலிற் செய்தனர், அத்தெரிவின் பின்னால் எந்த நலன்கள் நின்றன என்னும் வினாக்கள் அகராதியின் எல்லைக்குள் அடங்குவனவல்ல. அவை சமூக வரலாற்றுக்கு உரியவை. இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஐஸ்லாந்து மொழி பொருத்தமானதொரு களம் என நாம் கருதுகின்றோம். நான்கு இலட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் அந்நாட்டிலே, பிறமொழிச் சொல்லை அப்படியே ஏற்காது சொந்த வேர்களிலிருந்து புதுச்சொல் ஆக்கும் மரபு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலைத்து வந்துள்ளது.

இம்மரபின் தோற்றத்தை அதன் காலனித்துவப் பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். ஐஸ்லாந்து 1262 முதல் நோர்வே முடியின் கீழும், பதினான்காம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் டென்மார்க் முடியின் கீழும் இருந்தது. 1602 முதல் 1787 வரை தீவின் வாணிகம் முழுவதும் டேனிஷ் ஏகபோகத்துக்கு உட்பட்டிருந்தது. துறைமுகங்களிலும் கடைகளிலும் டேனிஷ் கலந்த பேச்சு வழங்கிற்று. இதற்கு எதிரான மொழித்தூய்மை இயக்கம் தீவிலன்றிக் கொப்பன்ஹேகனிலேயே வலுப்பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. அங்கு கல்வி கற்ற அதிகாரிகள், மதகுருமார், வசதி படைத்த விவசாயிகள் ஆகியோரின் புதல்வரே அதனை முன்னெடுத்தனர். 1779இல் அந்நகரில் ஓர் ஐஸ்லாந்துக் கல்விச் சங்கம் தோன்றியது. 1816இல் டேனிஷ் மொழியியலாளர் ராஸ்முஸ் ராஸ்க் முன்னின்று ஐஸ்லாந்து இலக்கியச் சங்கத்தை நிறுவினார். 1835இல் 'ஃபியோல்னிர்' என்னும் சஞ்சிகை வெளிவரலாயிற்று. அதன் ஆசிரியருள் ஒருவரான கவிஞர் யோனாஸ் ஹால்கிரிம்சன் 1842இல் வானியல் நூலொன்றை மொழிபெயர்த்தபோது, ஈர்ப்பு விசையைக் குறிக்க 'அப்ல்' (வலு) என்னும் பழஞ்சொல்லை ஈற்றிலே கொண்ட புதுச்சொல் ஒன்றை ஆக்கினார். இன்றும் பாடநூல்களில் வழங்குவது அச்சொல்லே.

இவ்வியக்கத்துக்கு இருமுகம் உண்டு. காலனித்துவ எதிர்ப்பு என்றவகையில் அது முற்போக்கானது. 1918இன் இறைமைக்கும் 1944இன் குடியரசுக்கும் அது கருத்துநிலைத் தளம் அமைத்தது. அதேவேளை, துறைமுகத் தொழிலாளியின் நாவில் இயல்பாக வழங்கிய டேனிஷ் சொற்களை அது 'கறை' என ஒதுக்கிற்று. தூய சொல்லை ஆக்கும் அதிகாரம் கற்றோர் கையில் இருந்தது. இம்முரண்பாட்டை மனத்திருத்தியே சொற்களை நோக்குவோம்.

'செல்' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். சிறைக்கூடம், துறவியின் அறை, உயிரணு, அரசியற் கட்சியின் சிறு அலகு ஆகிய பலவற்றையும் அது குறிக்கும். ஐஸ்லாந்து மொழியில் அறைக்கு 'கிளெவி' என்னும் சொல் உண்டு. உயிரணுவுக்கு 'முதலாவது' என்னும் பொருள்தரும் வேரிலிருந்து 'ஃபுருமா' ஆக்கப்பட்டது. ஆனால் கட்சி அலகுக்கு வழங்குவது 'செல்லா' என்னும் கடன்சொல். அறிவியலுக்குச் சொந்தச் சொல் தேடப்பட்டது. 1930இல் அமைந்த கம்யூனிஸ்ட் கட்சியினரோ தமது இயக்கத்தின் சர்வதேசச் சொல்லையே கையாண்டனர். 'பாங்க்' என்பதும் இவ்வாறே. ஆற்றங்கரை 'பாக்கி' என்னும் பழஞ்சொல்லாற் குறிக்கப்படும். ஆங்கிலச் சொல்லின் அப்பொருளே நோர்டிக் மொழியினர் வழி வந்ததுதான். பணம் கையாளும் நிறுவனமோ 'பவுங்கி' என்ற பெயருடன் வெளியிலிருந்து வந்தது. தூய்மைவாதிகளும் அதனை அப்படியே ஏற்றனர்.

இவற்றிலும் முக்கியமானது 'கப்பிட்டல்' என்னும் சொல். தலை என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த இச்சொல், ஆங்கிலத்தில் தலைநகரையும் பெரிய எழுத்தையும் மூலதனத்தையும் ஒருங்கே குறிக்கின்றது. ஐஸ்லாந்து மொழி இவற்றைப் பிரித்துவிட்டது. தலைநகருக்கு 'ஹொவுத்போர்க்' என்ற சொல்லிலே தலை எஞ்சியுள்ளது. கடனின் முதலைக் குறிக்கும் சொல்லிலும் அது உண்டு. ஆனால், மார்க்ஸ் ஆராய்ந்த மூலதனத்துக்கு வழங்குவது 'ஒய்த்மக்ன்'. செல்வத்தின் திரள், செல்வத்தின் ஆற்றல் என அதனை விரிக்கலாம். இதனருகே 'ஒய்த்வல்ட்' என இன்னொரு சொல்லும் உண்டு. அது 'செல்வத்தின் அதிகாரம்'. முதலாளித்துவ அமைப்பைக் குறிக்கும் சொற்றொடர் அதன் அடியாகவே பிறந்தது. ஆங்கிலச் சொல்லில் மூலதனம் ஒரு பொருளாக, ஒரு தொகையாகத் தோன்றுகிறது. ஐஸ்லாந்துச் சொல்லில் அது ஒரு சமூக உறவாக, ஆட்சியாக வெளிப்படுகின்றது.

இங்கு 'பவர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் கதையும் இணைகின்றது. அதன் பொருள்களுள் அதிகாரத்துக்கு 'வல்ட்' என்றும், உடல் வலு, பொறியின் வலு ஆகியவற்றுக்கு 'அப்ல்' என்றும் ஐஸ்லாந்தர் வேறுபடுத்துவர். மூலதனம் 'வல்ட்' பெற்றது. உழைப்பு சக்திக்கு அமைந்த சொல்லோ 'வின்னுஅப்ல்'. ஆளுகை ஒருபுறமும் வலு மறுபுறமுமாக, ஆங்கிலத்தில் ஒரே சொல்லுள் மறைந்துகிடக்கும் முரண்பாடு இங்கு இரு சொற்களாக எதிரெதிர் நிற்கின்றது. எனினும் சொல்லின் தெளிவு தானாகவே வர்க்க உணர்வைத் தந்துவிடாது. முதலாளிமார் சங்கங்களும் 'வின்னுஅப்ல்' என்ற அதே சொல்லை ஆளணிக் கணக்கில் அமைதியாகவே கையாளுகின்றன.

பிரிப்பது எப்போதும் தெளிவையே தரும் எனவும் கொள்ளலாகாது. 'கிளாஸ்' என்னும் சொல் இதற்குச் சான்று. பாடசாலை வகுப்புக்கு ஐஸ்லாந்து மொழியில் 'பெக்குர்', அதாவது வாங்கு. சமூக வர்க்கத்துக்கு 'ஸ்தியெத்'. ஆனால் இந்த 'ஸ்தியெத்' தானும் பல்பொருட் சொல்லே. கல் பாவிய தளம், சமூகப் படிநிலை, தொழிற்பிரிவு, வர்க்கம் ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். வர்க்கப் போராட்டத்தைக் குறிக்கும் தொடரும் தொழிற்சங்கத்தைக் குறிக்கும் தொடரும் இதனடியாகவே பிறந்தன. ஆசிரியரும் ஒரு 'ஸ்தியெத்', தொழிலாளரும் ஒரு 'ஸ்தியெத்' என்னும்போது, உற்பத்தி உறவில் எழும் பிளவு தொழில்களின் வரிசையாக மங்கிவிடும் அபாயம் உண்டு. கூலியுழைப்பு பரவுவதற்கு முந்திய சமூகத்தின் படிநிலைச் சிந்தனை இச்சொல்லில் இன்னும் உறைந்துள்ளது. நிலமற்றோர் யாவரும் ஏதேனுமொரு விவசாயியின் வீட்டிற் பணிபுரிய வேண்டும் என விதித்த சட்டம், 1894இலேயே பெரிதும் தளர்த்தப்பட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இறுதியாக 'ஸ்ட்ரைக்'. அடித்தல், இறக்குதல் எனப் பல பொருள் கொண்ட இச்சொல், 1768இல் இலண்டன் துறைமுகக் கப்பலோட்டிகள் பாய்களை இறக்கி வேலையை மறுத்த நிகழ்ச்சியோடு வேலைநிறுத்தம் என்னும் பொருளைப் பெற்றது. செயல் புரிந்த கை அச்சொல்லிலே தெரிகின்றது. ஐஸ்லாந்து மொழியின் 'வெர்க்ஃபட்ல்' என்பதோ 'வேலை வீழ்தல்'. வேலையை வீழ்த்தியவர் அதிலே இல்லை. முதலாளியின் கதவடைப்புக்கோ 'வேலைத் தடை' என்னும் பொருள்படும் சொல் வழங்குகின்றது. 1916இல் ரெய்க்யாவிக் மீன்பிடிக் கப்பல் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தமும், அவ்வாண்டிலேயே அமைந்த தொழிற்சங்கச் சம்மேளனமும் அமைதியான இச்சொல்லுக்குப் போர்க்குணம் ஊட்டின.

அப்போர்க்குணத்தின் கனதியை 1975 உணர்த்திற்று. அவ்வாண்டு ஒக்தோபர் 24ஆந் திகதி பெண்கள் வீட்டிலும் வெளியிலும் வேலையை விட்டு விலக வேண்டும் என 'செங்காலுறை' என்னும் பெண்நிலைவாத இயக்கத்தினர் முன்மொழிந்தனர். அவர்கள் கோரியது வேலைநிறுத்தம். பழமைபேண் அணியினர் அச்சொல்லுக்கு அஞ்சினர். வேலைநிறுத்தம் செய்தவரைப் பணிநீக்கலாம், விடுப்புக் கேட்பவரை மறுத்தல் கடினம் என்ற வாதமும் எழுந்தது. முடிவில் 'பெண்களின் விடுப்புநாள்' எனப் பெயரிடப்பட்டது. விடுப்பைக் குறிக்க எடுத்தாண்ட 'ஃபிரீ' ஒரு டேனிஷ் கடன்சொல் என்பது கவனிக்கத்தக்கது. பெண்களுள் ஏறத்தாழ 90 வீதத்தினர் அதிற் பங்குபற்றினர். மறுவாண்டு பால் சமத்துவச் சட்டம் நிறைவேறியது. 2023இல் அதே நாளிற் பெண்கள் மீண்டும் ஒருநாள் முழுவதும் வேலையை விட்டபோது, அழைப்பிலே 'பெண்களின் வெர்க்ஃபட்ல்' என்ற சொல்லே இருந்தது. அன்றைய பிரதமர் கத்ரீன் யாக்கொப்ஸ்டோத்திரும் அதில் இணைந்தார். 1975இல் மறுக்கப்பட்ட சொல்லை அடைய 48 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இதற்கிடையே 2019 மார்ச் 8ஆந் திகதி ரெய்க்யாவிக் விடுதிகளின் துப்புரவுப் பணிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் குடியேறிய தொழிலாளர். ஐஸ்லாந்து மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர். 2011இல் ஐஸ்லாந்து மொழியைத் தேசிய மொழியெனச் சட்டம் உறுதிசெய்தது. ஆனால் அத்தேசியத்தின் உழைப்பில் ஒரு பங்கு இன்று பிறமொழி பேசுவோரின் கைகளிலே தங்கியுள்ளது. மொழித்தூய்மை அன்று டேனிஷ் வணிகரை நோக்கி எழுந்த கேடயம். இன்று அது தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எழும் மதிலாகிவிடக் கூடாது.

சுருங்கக் கூறின், பல்பொருட் சொல்லைப் பெயர்ப்போன் ஒரு பொருளைத் தெரிந்து மற்றையவற்றை விலக்குகின்றான். அத்தெரிவு மொழியின் இயல்பால் மட்டும் அமைவதில்லை. அதிகாரமும் எதிர்ப்பும் அதனைத் தீர்மானிக்கின்றன. கற்றோர் ஆக்கிய சொல்லுக்கு முழுப்பொருளைத் தருவது அதனைப் பயன்படுத்திப் போராடும் மக்களே. 'வேலை வீழ்தல்' என்ற சொல்லில் விடுபட்ட எழுவாயை 1916இன் கப்பல் தொழிலாளரும் 2019இன் துப்புரவுப் பெண்களும் தாமே நிரப்பினர். மொழிபெயர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் நோக்கவேண்டியது அந்த எழுவாயையே.