பினாங்கு கிட்டங்கியும் பவர் பத்திரமும்

பினாங்குத் துறைமுகத்தில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில் பலர் முதலாளிகள் அல்லர், ஏஜெண்டுகள். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவர் பணம் ஜார்ஜ் டவுனில் வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் கடனாகப் போகும். முதலாளிக்காக இங்கே கையெழுத்துப் போடவும் வழக்காடவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பதைக் கடன் வாங்குபவரும் பாங்கும் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டால்தான் தொழில் நடக்கும்.

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றினார். 1820களில் செட்டியார்கள் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வரத் தொடங்கினர். ஜார்ஜ் டவுனில் அவர்கள் தொழில் பினாங்கு ஸ்ட்ரீட்டில் நிலைகொண்டது. அங்கிருந்த கிட்டங்கி, ஒரே கூரைக்குக் கீழ் பல கடைகள் இயங்கிய நீண்ட கூடம். ஒவ்வொரு கடைக்கும் சில அடி தரை, ஒரு பாய், எழுதுமேசையாகவும் பயன்பட்ட ஒரு மரப்பெட்டி, பின்னால் ஓர் இரும்புப் பெட்டகம். ஏஜெண்டு சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். அருகில் அடுத்தாள், தொழில் பழகும் பெட்டியடிப் பையன். பக்கத்துப் பாயில் நடக்கும் பேரம் இந்தப் பாய்க்குக் கேட்கும் என்பதும் ஒருவகைக் காவல்தான்.

கடைக்குப் பெயர்ப் பலகையைவிட விலாசமே முக்கியம். பாட்டன், தந்தை என முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த எழுத்துக் கோவை அது. கடன் நோட்டு, பேரேடு, கடிதம் எல்லாவற்றிலும் அதுவே வரும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறினாலும் விலாசம் மாறாது. ஏஜெண்டு கையெழுத்திடும்போது விலாசத்தை எழுதி, அதன் பவர் ஏஜெண்டு என்று தம் பெயரைச் சேர்ப்பார். கடை யாருடையது, கையெழுத்து யாருடையது என்ற இரண்டும் ஒரே வரியில் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

அந்த வரிக்குச் சட்ட வலு கொடுத்தது பவர் பத்திரம். கடன் கொடுக்க, வசூலிக்க, அடமானம் எழுத, மீட்டுக் கொடுக்க, வழக்குத் தொடர எனச் செய்யக்கூடிய காரியங்களை ஒவ்வொன்றாக அது அடுக்கும். நோட்டரியோ மாஜிஸ்திரேட்டோ சான்றளித்த பவர் முறைப்படி எழுதப்பட்டதாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 85ஆம் பிரிவு. அச்சட்டத்தை ஒட்டி நீரிணைக் குடியேற்றங்களும் 1893இல் தமக்கொரு சாட்சியச் சட்டம் இயற்றின. இதனால் செட்டிநாட்டு முதலாளி கப்பலேறி வந்து தம் கையெழுத்தைத் தாமே மெய்ப்பிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

காகிதத்தில் பவர் விரிந்ததுதான்; நடைமுறையில் அதைக் கட்டுக்குள் வைத்தவை கெடுவும் கணக்கும். தவணை பொதுவாக மூன்று ஆண்டு. சம்பளச் சீட்டில் தவணை முழுவதற்குமான சம்பளம் முன்பே பேசி எழுதப்படும். ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகக் கிடைக்கும், தவணை முடிவில் இலாபத்தைப் பொறுத்து ஊக்கத்தொகையும் உண்டு. தமக்கென்று தனி வியாபாரம் செய்ய ஏஜெண்டுக்கு அனுமதியில்லை. ஐந்தொகை ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும். திரும்பியபின் முதலாளி வீட்டில் கணக்கு பார்த்துத் தீர்ப்பார்கள். கணக்கில் பிசகியவருக்கு வேறு விலாசத்தில் வேலை கிடைப்பது அரிது. செட்டியார்களின் நாணயத்துக்குச் சாதிக் கட்டுப்பாடு ஒன்றையே காரணம் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மை. உறவுக்காரரையே அனுப்பினாலும் பவரும் சம்பளச் சீட்டும் எழுதித்தான் அனுப்பினார்கள்.

இன்று நிறுவன மென்பொருளுக்குள் நுழையும் செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுக்கும் இதே ஏற்பாடுதான் வேண்டியிருக்கிறது. முதலாளியின் கடவுச்சொல்லை அதனிடம் கொடுப்பது பெட்டகச் சாவியையே கொடுப்பதாகும். அதனால் இன்னின்ன காரியம், இவ்வளவு காலம் என்று வரம்பிட்ட டோக்கன் கொடுக்கிறார்கள். 2012இல் வெளியான ஓஆத் 2.0 நெறிமுறை இதற்கே பரவலாகப் பயன்படுகிறது. யார் சார்பில் எது செய்தது என்பதைப் பதிவேடு காட்ட வேண்டும் என்பதும் பழைய கையெழுத்து வரியின் கணக்கே.

செட்டியார்களின் பவரில் அதை ரத்து செய்வதுதான் சிக்கலாக இருந்தது. முதலாளி ஊரில் ரத்து செய்தாலும் சேதி பினாங்குக்கு வரும்வரை ஏஜெண்டு கையெழுத்திட்டுக்கொண்டிருக்கலாம்; ரத்தானது தெரியாமல் பணம் கொடுத்தவர் என்ன செய்வார்? சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்தி 1870–71இல் போடப்பட்டது. அதன்பின் வாரக்கணக்கான இடைவெளி வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் முதலாளி சேதி அனுப்பத் தந்தி போதுமே தவிர, பினாங்கில் உள்ள எல்லாருக்கும் தெரிவிக்கப் போதாது. 1949இல் மலாயாவில் வந்த பவர் பத்திரச் சட்டம் இதற்கு வழி செய்தது. சான்றளித்த பத்திரத்தின் நகல் உயர் நீதிமன்றப் பதிவகத்தில் வைக்கப்பட வேண்டும். ரத்து அறிவிப்பும் எழுத்தில் அங்கேயே வந்து சேர வேண்டும். கொடுத்தவரோ பெற்றவரோ இறந்தாலும், கொடுத்தவர் மனநிலை தவறினாலும், திவாலானாலும் பவர் முடிந்துவிடும்.

ஏஜெண்டு முறைக்கு முடிவு வந்தது வேறு வழியில். கடன் கொடுப்போர் மீது 1951ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதித்தது. 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டுக்கொரு புது ஆளை இந்தியாவிலிருந்து வரவழைப்பது கடினமாயிற்று. இருந்தவர்கள் தங்கிவிட்டனர் அல்லது கடையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினர். தைப்பூசத்துக்கு முருகனின் வெள்ளி ரதம் இன்றும் பினாங்கு ஸ்ட்ரீட்டில் உள்ள செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது. 1949ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவின் 424ஆம் சட்டமாக இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது.